துலக்கினால் ரத்தம், குளிரில் கூச்சம், கடித்தால் ஆட்டம்: ஈறு நோயை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

குன்னூரில் ஒரு பல் டாக்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் 16 வருடமாக நிற்கிறேன். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட்டு எடுப்பது, டாக்டர் சொல்லும் எண்களை அட்டையில் எழுதுவது என் வேலை. உள்ளே கூப்பிடும் வரை எல்லோரும் என்னிடம்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். அதில் நான் அதிகம் கேட்டது இது: "ரத்தம் வருதேன்னு துலக்குறதையே விட்டுட்டேன் அக்கா."

சொத்தைப் பல் வலித்து ஆளைக் கூப்பிட்டுவிடும். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. ரத்தம் ஒன்றுதான் அது முன்கூட்டி அனுப்பும் தகவல். அதைப் பார்த்துத் துலக்குவதை நிறுத்துகிறவர் நோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறார்.

உங்களுக்கு என்ன அறிகுறி இருக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். நான் டாக்டர் இல்லை. மருந்துப் பெயர் வரும் இடங்களில் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

## இப்போதே கிளம்ப வேண்டியவர்கள்

தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் இறங்குகிறது, வாய் திறக்க முடியவில்லை, எச்சிலை விழுங்கவே கஷ்டம், நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, மூச்சு வாங்குகிறது, கூடவே காய்ச்சல். இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். பல்லில் தொடங்கிய சீழ் கழுத்துக்குள் பரவினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். விடிந்ததும் முதல் பஸ்ஸில் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. மழைக்காலத்தில் ஒரு மரம் சாய்ந்தால் நம் ஊர்ச் சாலையில் அந்த முதல் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

## கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம்

கையைக் கழுவிக்கொண்டு, செல்போன் டார்ச்சைப் போட்டு, உதட்டை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். நல்ல ஈறு பல்லை ஒட்டிக் கெட்டியாக, ஓரம் மெல்லியதாக இருக்கும். நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம்மில் பலருக்கு ஈறு பழுப்பாகவோ கறுப்புத் திட்டாகவோ இருப்பது இயல்பு. பல்லை ஒட்டிய ஓரம் தடித்து, பளபளத்து, செக்கச்செவேலென்றோ ஊதாவாகவோ இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்து, கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். வெள்ளையாக மாவு போல வந்தால் அது படலம், அதாவது கிருமிகளின் குடியிருப்பு. பிரஷுக்கே போய்விடும். நகத்துக்கு அசையாமல் சிமெண்ட் பூசினது போல இருந்தால் அது காரை. எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்தப் படலத்தில் ஏறிக் கெட்டியானது. எச்சில் சுரப்பி அந்த இடத்தில் திறப்பதால் அங்கே சீக்கிரம் சேரும். காரையைக் கருவிதான் எடுக்கும். எந்தப் பொடியும் பேஸ்ட்டும் எடுக்காது.

கடைசியாக, ஈறை விரலால் பல்லை நோக்கி அழுத்திப் பாருங்கள், சீழ் எட்டிப் பார்க்கிறதா என்று. ஒவ்வொரு பல்லாகப் பிடித்து அசைத்தும் பாருங்கள். பார்த்ததை ஒரு தாளில் எழுதி வைத்தால் பின்னால் டாக்டருக்கு உதவும்.

## துலக்கும்போது நுரை சிவக்கிறது, வலி இல்லை

இதுதான் தொடக்கம். முழுதாகத் திருப்பக்கூடிய கட்டமும் இதுதான். ஈறு ஓரத்தில் படலம் தங்கியிருக்கிறது. உடம்பு அதை எதிர்க்க அங்கே ரத்தத்தை அதிகம் அனுப்புகிறது. வீங்கிய ஈறு பிரஷ் பட்டதும் கசிகிறது. பிரஷ் ஈறைக் கிழித்ததால் வந்த ரத்தம் என்று நினைத்துக்கொள்வதுதான் தப்பு.

1965-ல் டென்மார்க்கில் பல் ஆராய்ச்சியாளர் ஹரால்ட் லோவும் அவர் கூட்டாளிகளும் ஒரு வேலை செய்தார்கள். ஈறு நன்றாக இருந்த 12 பேரைத் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆனதில் ஈறு பழையபடி ஆனது. படலம்தான் காரணம் என்பது அதில் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு வாரச் சோதனை. மென்மையான பிரஷ் ஒன்று புதிதாக வாங்குங்கள். பிரஷை ஈறு ஓரத்தில் சாய்வாக, பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி வைத்து, இருந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். ரம்பம் அறுப்பது போல இழுக்கக் கூடாது. ரத்தம் வரும் இடத்தை ஒதுக்காமல் அங்கே இன்னும் பொறுமையாகத் துலக்குங்கள். காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம். பல் சந்துக்குப் பிரஷ் போகாது. அதற்கு நூல், இல்லையென்றால் சந்து பெரிதாக இருப்பவர்களுக்குச் சின்ன சந்து பிரஷ்.

இரவு துலக்குவது என்றதும் இங்கே எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. மார்கழியில் ராத்திரி ஒன்பது மணிக்குக் குழாய்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தால் புரியும். எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்ததும் ஒரு டம்ளர் வெந்நீரைப் பிளாஸ்க்கில் ஊற்றி வாஷ்பேசின் பக்கத்திலேயே வைத்துவிடுவோம். இந்த ஒரு ஏற்பாட்டுக்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் இரவில் துலக்க ஆரம்பித்தார். நான் சொன்ன அறிவுரை ஒன்றுக்கும் அவர் அசையவில்லை.

இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றுவிட்டால் நல்லது, அப்படியே தொடருங்கள். நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் ஈறுக்கு அடியில் காரை இருக்கிறது. கிளீனிங் செய்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனைப் பல் பிரிவிலும் செய்வார்கள்.

இதில் ஒரு குழி உண்டு. பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கு ஈறில் ரத்தக் குழாய்கள் சுருங்கிப்போவதால் நோய் இருந்தும் ரத்தம் வராமல் போகலாம். "எனக்கு ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை" என்று பெருமையாகச் சொன்ன ஒரு டிரைவர் அண்ணனுக்கு ஆறு பல்லைச் சுற்றி எலும்பு பாதி இல்லை. புகைக்கிறவர்கள் ரத்தத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளாமல் வருடம் ஒரு தடவை பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழும் பள்ளத்தை, அதாவது பாக்கெட்டை, டாக்டரிடம் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

## தொடாமலே ரத்தம் வருகிறது

தலையணையில் கறை, சும்மா இருக்கும்போதே வாயில் ரத்தச் சுவை, கூடவே உடம்பில் காரணமில்லாத நீலத் திட்டு, சோர்வு, காய்ச்சல் என்றால் இது பல் டாக்டரோடு முடியாது. டெங்கு, தட்டணு (பிளேட்லெட்) குறைவு, ஈரல் கோளாறு, அரிதாக ரத்தப் புற்றுநோய்கூட ஈறில் முதலில் தலைகாட்டலாம். அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் ரத்தத்தைப் பார்த்து மாத்திரையைத் தாங்களே நிறுத்தக் கூடாது. ஈறு கசிவதைவிட அடைப்பு வருவது பெரிய ஆபத்து.

## வாய் நாற்றம்

முதலில் நாக்கு. பின்பக்கம் வரை வழித்து ஒரு வாரம் பாருங்கள். குறையவில்லை என்றால், பல் சந்தில் நூலை விட்டு எடுத்து முகர்ந்து பாருங்கள். குறிப்பிட்ட ஒரு சந்திலிருந்து மட்டும் நாறினால் அங்கே பாக்கெட்டோ சொத்தையோ இருக்கிறது. நாக்கும் ஈறும் சுத்தம், ஆனாலும் நாற்றம் என்றால் தொண்டைச் சதை, மூக்கடைப்பு, வாய் உலர்ச்சி, சர்க்கரை என்று வேறு இடத்தில் தேட வேண்டும்.

நாற்றத்துக்கும் வலிக்கும் நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் நனைத்து ஈறில் வைப்பது இங்கே பழைய வழக்கம். வேண்டாம். ஈறை வெந்துபோகச் செய்யும். விழுங்கினால் நஞ்சு, குழந்தைகளுக்கு மிகவும் ஆபத்து. அது மூக்குக்கும் முட்டிக்கும் போதும். குன்னூருக்குக் கீழே பர்லியாரில் விளையும் கிராம்பு நல்ல கிராம்புதான். அதன் எண்ணெயையும் நேராக ஈறில் ஊற்றினால் இதே கதி.

## குளிர்ந்த காற்றே கூசுகிறது, பல் நீண்டு தெரிகிறது

பல் வளரவில்லை. ஈறு இறங்கியிருக்கிறது. வேரில் எனாமல் என்ற கெட்டி மேல்பூச்சு கிடையாது, அதனால் குளிர் நேராக உள்ளே போகிறது. உறைபனிக் காலத்தில் ஊட்டியிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர்கள் வாயைக் கர்சீப்பால் மூடிக்கொண்டு வந்து இறங்குவார்கள்.

காரணம் இரண்டு. ஒன்று, ஈறு நோயே எலும்பைக் கரைத்து ஈறை இறக்கியிருக்கலாம். அப்போது காரை, ரத்தம், ஆட்டம் ஏதாவது கூட இருக்கும். இரண்டு, துலக்குகிற முரட்டுத்தனம். ஈறு கெட்டியாக, சுத்தமாக இருக்கிறது, ஆனால் கோரைப் பல் பக்கத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது, வலது கைக்காரருக்கு இடது பக்கம் அதிகம் என்றால் அது பிரஷின் வேலை. சாம்பல், கரி, உப்புத் தூள், செங்கல் பொடி எல்லாம் இந்த வகை. வெள்ளையாகும்தான், தரையைத் தேய்த்தாலும் வெள்ளையாகும்.

மென்மையான பிரஷுக்கு மாறிப் பொடியை விடுங்கள். பொட்டாசியம் நைட்ரேட்டோ ஸ்டானஸ் ஃப்ளோரைடோ உள்ள கூச்சப் பேஸ்ட்டை நாலு வாரமாவது விடாமல் போடுங்கள். துலக்கியதும் துப்பிவிட்டு வாயைக் கொப்பளிக்காமல் விட்டால் நன்றாக வேலை செய்யும். இறங்கின ஈறு தானாக மேலே ஏறாது. தேவைப்பட்டால் சின்ன அறுவை செய்து மூடலாம், எல்லோருக்கும் அவசியம் இல்லை.

## ஈறு தடித்துப் பல்லை மூடுகிறது

சாப்பிடும் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் இரண்டும் சிலருக்கு ஈறைத் தடிக்கவைக்கும். மருந்தை மாற்றுவது அந்த மருந்தை எழுதிய டாக்டர் முடிவு. வாயைச் சுத்தமாக வைத்தாலே பாதி வீக்கம் வடிவதைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிகளுக்கு நாலைந்து மாதத்தில் ஈறு சிவந்து வீங்குவது சகஜம். கர்ப்பத்தில் பல் டாக்டரிடம் போகக் கூடாது என்று மாமியார் சொன்னாலும் கிளீனிங் செய்யலாம். நடு மூன்று மாதம் வசதியானது.

## ஒரே இடத்தில் கொப்புளம், சீழ், துடிப்பு

பாக்கெட்டுக்குள் அடைப்பு விழுந்து சீழ் கட்டியிருக்கிறது. கறித் துணுக்கு, வர்க்கித் தூள், எதுவாகவும் இருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கொப்பளியுங்கள். வெளியே கன்னத்தில் ஒத்தடம் கொடுக்காதீர்கள். ஊசியால் குத்தாதீர்கள். ஈறில் மாத்திரையை வைத்து அழுத்துவது, புகையிலை வைப்பது இரண்டும் புண்ணாக்கும்.

மெடிக்கலில் "சீழுக்கு மாத்திரை குடுங்க" என்று கேட்டு மூன்று நாள் சாப்பிட்டால் வீக்கம் அடங்கும். அடங்கியதும் எல்லோரும் மறந்துவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் அதே வீக்கம் வரும். உள்ளே காரை இருக்கும்வரை மாத்திரை அதைத் தொடாது. சீழை வடித்து வேரைச் சுத்தம் செய்வதுதான் வைத்தியம்; காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால்தான் ஆன்டிபயாடிக். டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதினால் அந்த நாட்களில் மது கூடாது. திரும்பத் திரும்ப, இடம் மாறி மாறிச் சீழ் கட்டினால் சர்க்கரை பாருங்கள். சர்க்கரை இருப்பதே எங்கள் நாற்காலியில் தெரியவந்தவர்கள் உண்டு.

சந்து ஈறுகளின் நுனி குழிந்து, மேலே சாம்பல் நிறப் படலம், தொட முடியாத வலி, சகிக்க முடியாத நாற்றம் என்றால் அது வேறு வகை. தூக்கமில்லாமை, புகை, சத்துக் குறைவு, எதிர்ப்புச் சக்தி குறைவு இருப்பவர்களுக்கு வரும். இரண்டு நாளுக்குள் போங்கள். இதில் மட்டும் தாமதம் ஈறின் வடிவத்தையே கெடுத்துவிடும்.

## பல் ஆடுகிறது, முன்பற்கள் விலகுகின்றன

இங்கே நோய் ஈறைத் தாண்டி எலும்புக்குப் போய்விட்டது. டாக்டர் நுனி மழுங்கிய, கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு அளப்பார். நான் எழுதும் எண்கள் அவைதான். 3 மி.மீ. வரை நல்லது. 4, 5 என்றால் பாக்கெட். 6-க்கு மேல் என்றால் டாக்டர் குரல் கொஞ்சம் இறங்கும். எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு மிச்சம் என்று தெரியும். ஆட்டத்தையும் பார்ப்பார்: பக்கவாட்டில் 1 மி.மீ.க்குள் ஆடுகிறதா, அதற்கு மேலா, அழுத்தினால் கீழே இறங்குகிறதா. கடைசி வகையைத்தான் பெரும்பாலும் எடுக்கச் சொல்வார். மற்றவை நிற்க வாய்ப்புண்டு.

எங்கள் அப்பாவுக்கு 45 வயதுக்குள் கீழ் வரிசை போய்விட்டது. 1964 இந்திய-இலங்கை (சிறிமா-சாஸ்திரி) ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, அப்புறம் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தவர். "நம்ம குடும்பத்துக்குப் பல்லு நிக்காது" என்பார். நானும் அதை நம்பினேன். ஒரு நாள் ஆள் வராத மத்தியானத்தில் டாக்டர் ஒரு கதை சொன்னார். அதே ஹரால்ட் லோ 1970-ல் இலங்கையின் தேயிலைத் தோட்டத்து ஆண் தொழிலாளர்கள் 480 பேரின் வாயைப் பார்க்க ஆரம்பித்து 15 வருடம் தொடர்ந்தாராம். பிரஷ் பழக்கமும் பல் வைத்தியமும் இல்லாதவர்கள். எல்லோர் வாயிலும் படலம், காரை, வீங்கிய ஈறு. ஆனால் 100-க்கு 8 பேருக்கு நோய் வேகமாக ஓடிப் பல்லைக் கொட்டவைத்தது. 81 பேருக்கு மெதுவாக நடந்தது. 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, எலும்பு தப்பியது.

அப்பா சொன்னதில் பாதி சரி. உடம்புவாகு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் தான் அந்த 8-ல் ஒருவரா 11-ல் ஒருவரா என்று முப்பது வயதில் கண்ணாடியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அப்பா அம்மாவுக்குச் சீக்கிரம் பல் போயிருந்தால், உங்களுக்கு 20 வயதிலேயே பாக்கெட் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அளந்தபோது இரண்டு கடைவாய்ப் பற்களில் 5 இருந்தது. இப்போது 3.

வைத்தியம் படிப்படியானது. முதலில் காரையை எடுத்து, மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரை வழவழப்பாகச் சுத்தம் செய்வார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள். வீக்கம் வடிந்து ஈறு ஒட்டினாலே பல பாக்கெட்டுகள் குறைந்துவிடும். குறையாத இடங்களில் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை. போன எலும்பு பெரும்பாலும் திரும்பாது. சில வடிவப் பள்ளங்களில் மட்டும் எலும்புத் தூள் வைத்து ஓரளவு கொண்டுவரலாம். இருப்பதைக் காப்பாற்றுவதே குறிக்கோள்.

சர்க்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை ஏறும். ஈறு வைத்தியம் செய்துகொண்டவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைந்ததாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. மாத்திரையைக் குறைக்க இது போதாது. ஆனால் சும்மா வந்ததும் இல்லை.

## வெற்றிலை போடுகிறவர்களுக்கு

"வெத்தலை இல்லாம கொழுந்து பறிக்கக் கை ஓடாது" என்று தோட்டத்து அக்காக்கள் சொல்வார்கள். மழையிலும் குளிரிலும் எட்டு மணி நேரம் நிற்கிறவர்களிடம் எளிதாக விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. புகையிலையை மட்டுமாவது முதலில் எடுத்துவிடுங்கள். பாக்கும் புற்றுநோய்க்குக் காரணம்தான், அடுத்து அதையும். மாதம் ஒருமுறை இரண்டு சோதனை. மூன்று விரலை நெட்டுக்குத்தாக வாய்க்குள் விட முடிகிறதா? கன்னத்து உள்பக்கம், நாக்கு ஓரம், ஈறில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண் இருக்கிறதா? இருந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும்.

## கிளீனிங் செய்த பிறகு கூசுகிறது, ஆடுகிறது, சந்து தெரிகிறது

"மிஷின் வெச்சுப் பல்லை ஆட்டி விட்டுட்டாங்க" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. காரை ஒன்றோடொன்று பற்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது. அது போனதும் முன்பே இருந்த ஆட்டம் தெரிகிறது. முன்பே இருந்த சந்தும் தெரிகிறது. ஈறு இறுகும்போது சில வாரத்தில் ஆட்டம் கொஞ்சம் குறையும். கூச்சம் ஒன்றிரண்டு வாரம் இருக்கும், பிறகு போய்விடும். இரண்டாம் நாளுக்கு மேலும் ரத்தம் நிற்காமல் வந்தாலோ வீக்கம் கூடினாலோ திரும்பப் போங்கள்.

குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி கொடுத்திருந்தால், சொன்ன அளவு, இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். பேஸ்ட் போட்டுத் துலக்கியதற்கும் அதற்கும் அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள், பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும். இன்னொன்று, நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டியது: அந்தத் திரவமும் டீயும் சேர்ந்தால் பல் பழுப்பாகக் கறைபடும். நாளுக்கு ஆறு டீ குடிக்கிறவர் பத்தே நாளில் கண்ணாடியைப் பார்த்துப் பதறி வருவார். பயப்பட வேண்டாம், அது மேல்பூச்சுக் கறை, அடுத்த தடவை பாலிஷில் போய்விடும். டீ குடித்தவுடனே கொப்பளிக்காமல், கொப்பளித்தவுடனே டீ குடிக்காமல் இருந்தால் கறை குறையும்.

எலும்பு வரை போனவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும், ஈறு வீக்கத்தோடு நின்றவர்களுக்கு ஆறு மாதம் போதும். அட்டையில் தேதியை நான்தான் எழுதித் தருவேன். சீசனுக்கு ஊரெல்லாம் வண்டி நெரிசலாக இருக்கும் மே மாதத்தை மட்டும் முடிந்தவரை தவிர்த்து எழுதுவேன்.